மலிவு விலை ஃபிரெட் பராமரிப்புப் பெட்டி: மலையகத்துக் கிட்டார்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

இணையவழிக் கடைகளில் ‘கிட்டார் ஃபிரெட் பராமரிப்புத் தொகுதி’ என்ற பெயரில் விற்கப்படும் கருவிப் பெட்டியைப் பற்றியது இந்த மதிப்பீடு. ஃபிரெட் என்பது கிட்டாரின் நெக் எனப்படும் கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி. பெட்டியின் மேல் உற்பத்தியாளரின் பெயர் எதுவும் இல்லை. ஒரே பொருளைப் பல விற்பனையாளர்கள் தத்தம் முத்திரையை ஒட்டி விற்கிறார்கள் என்பது படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அனுப்பும் கட்டணத்தோடு சேர்த்து எனக்கு ஏறத்தாழ 12,000 ரூபா ஆயிற்று. கொழும்பில் இருப்பவர் இதை ஒரு பொழுதுபோக்குச் சாமானாக வாங்கலாம். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ இருப்பவரின் நிலை வேறு. நல்ல தந்தித் தொகுதி வேண்டுமென்றாலே கண்டிக்குப் போகிறவரிடம் சொல்லிவிடும் ஊர்களில், தேவாலயப் பாடகர் குழுவின் கிட்டாரும் கல்யாண வீட்டு இசைக்குழுவின் கிட்டாரும் பழுதானால், மரவேலை தெரிந்த பாஸ் ஒருவரிடமோ கையில் அரம் வைத்திருக்கும் நண்பரிடமோதான் போய்ச் சேருகின்றன. அந்த நண்பர் நாமாகவே இருக்கும்போது இப்படிப்பட்ட பெட்டி ஒன்று கண்ணில் பட்டால் வாங்காமல் இருப்பது கடினம்.

பெட்டியில் உள்ளவற்றை இரு குவியலாகப் பிரிக்கலாம். அளப்பதற்கான கருவிகள் ஒரு குவியல்: ஃபிரெட்களுக்கு இடம்விட்டு வெட்டிய நேர்ப்பட்டை, ஃபிரெட் ராக்கர் எனப்படும் சிறிய நாற்பக்க உருக்குத் தகடு, தந்தி உயரம் பார்க்கும் அளவு அட்டை, மெல்லிய இதழ்களைச் செருகி இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். உலோகத்தைத் தேய்ப்பதற்கான கருவிகள் மற்றக் குவியல்: சமன்படுத்தும் சட்டம், ஃபிரெட்டின் முடியை (உச்சியை) வளைவாக்கும் அரம், முனை அரம், சேண்ட் பேப்பர்கள், மெருகேற்றும் ரப்பர் கட்டிகள். என் கணிப்பில், கொடுத்த காசு முழுவதும் முதற் குவியலுக்குத்தான் தகும். இரண்டாவது குவியலில் பெரும்பாலானவை உதவியைவிடத் தீங்கையே அதிகம் செய்யக்கூடியவை. விற்பனைப் படங்களிலோ அரங்களே முன்னால் நிற்கின்றன. வாங்குகிறவரின் கையும் முதலில் அவற்றின் மேல்தான் போகிறது.

நமது மலைக்காற்றைக் கணக்கில் எடுத்தால் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. கிட்டார் செய்பவர்கள் பொதுவாக 45 முதல் 55 வீதம் வரையான ஈரப்பதத்தை மனதில் வைத்தே மரத்தைப் பதப்படுத்திச் சேர்க்கிறார்கள். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், ஹட்டனில் ஜன்னல் திறந்த அறையொன்றின் ஈரப்பதம் அந்த எல்லைக்கு வெகுதூரம் மேலே நிற்கும். அதே ஜூலையில் மலைக்கு அப்பால் பண்டாரவளை, பதுளைப் பக்கம் மழையை இழந்த வரண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தரமான பருவம் என்று சொல்லப்படுவது அந்த ஜூலை – செப்டெம்பர் காலம்தான். திம்புளைப் பக்கத்துக்கு அது ஜனவரி முதல் மார்ச் வரை. தேயிலைக்கு மணம் கூடும் அந்த வரண்ட வாரங்களில்தான் கிட்டாரின் ஃபிரெட் முனைகள் விரலைக் கீறத் தொடங்குகின்றன, ஏனெனில் மரம் அகலவாக்கில் சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை. ஈரமான மாதங்களில் அக்குஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை ஊதி எழும்பி, தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜையும் தன்னோடு தூக்கி, தந்திகளை உயர்த்திவிடும். நெக் எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் வேறுபடும். அதை அளந்து பார்த்துத்தான் அறிய முடியும். சுருங்கச் சொன்னால், ஹட்டனில் சரியாக இருந்த கிட்டார் பதுளைக்கு ரயிலில் போய் இரண்டு வாரம் தங்கினால் வேறு கிட்டாராகிவிடுகிறது. நீட்டும் ஃபிரெட் முனைகளைத் தவிர, இந்த அசைவுகளில் எதையும் அரம் கொண்டு திருத்த முடியாது, திருத்தவும் கூடாது.

நேர்ப்பட்டையிலிருந்து தொடங்குவோம். அலுமினியத்தால் ஆனது. ஒரு விளிம்பில் ஃபெண்டர் வகைக்குரிய 25.5 அங்குலத் தந்தி நீளத்துக்கும், மறு விளிம்பில் கிப்சன் வகைக்குரிய 24.75 அங்குல நீளத்துக்கும் வெட்டுகள் இருக்கின்றன. இதை நெக்கின் மேல் நிறுத்தினால் ஃபிரெட்கள் வெட்டுகளுக்குள் மறைந்து, பட்டை நேராக ஃபிரெட்போர்ட் மரத்தின் மீதே உட்காரும். ஃபிரெட்களின் உயர வேறுபாடு குறுக்கிடாமல் மரத்தின் வளைவை மட்டும் பார்க்க முடியும் என்பதே இதன் பயன். நைலோன் தந்திக் கிட்டார்களின் நீளம் வழக்கமாக 650 மில்லிமீற்றர், 25.5 அங்குலம் என்பது ஏறத்தாழ 648. ஆகவே 12ஆம் ஃபிரெட்டில் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட விலகல் வரும். வெட்டுகள் அகலமாக இருப்பதால் அது தடையாக இல்லை.

பட்டை நேராக இருக்கிறதா என்பதை வாங்கியவுடன் சோதிக்க வேண்டும். தடித்த கண்ணாடித் தகடொன்றின் மேல் விளிம்பை நிறுத்தி, பின்னால் கைபேசி விளக்கைப் பிடித்துப் பாருங்கள். எனக்கு வந்த பட்டையின் அடியில் எங்கும் ஒளி கசியவில்லை. அதே பெட்டியை வாங்கிய நண்பரின் பட்டையிலோ 5ஆம் வெட்டுக்கும் 9ஆம் வெட்டுக்கும் இடையில் தலைமயிர் அளவுக்கு ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது. அவர் அதைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருக்கிறார். அதை வைத்து நெக்கைச் சரிசெய்யப் போனால் இல்லாத வளைவைத் திருத்துவதாக முடியும். தரக்கட்டுப்பாடு இல்லாத பொருளில் இது வாங்குகிறவரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகி விடுகிறது, இது ஒரு பெரிய குறை.

ஃபிரெட் ராக்கர் இந்தப் பெட்டியின் மிகச் சிறந்த பொருள். நான்கு பக்கங்களும் வெவ்வேறு நீளம் கொண்டவை; எந்த இடத்தில் வைத்தாலும் அடுத்தடுத்த மூன்று ஃபிரெட்கள் மேல் உட்காரும் பக்கம் ஒன்று கிடைக்கும். தகடு ஆடினால் நடு ஃபிரெட் உயர்ந்திருக்கிறது, ஆடாவிட்டால் இல்லை. ஒவ்வொரு தந்தியின் பாதையிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரே ஃபிரெட் மெல்லிய தந்திப் பக்கம் எழும்பியும் தடித்த தந்திப் பக்கம் சரியாகவும் இருக்கலாம். ஆடும்போது எழும் ‘டிக் டிக்’ என்ற சிறு ஒலியைக் காது நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

தந்தி உயரம் பார்க்கும் அட்டையும் ஃபீலர் கேஜும் போதுமான தரத்தில் உள்ளன. 12ஆம் ஃபிரெட்டின் மேல் அக்குஸ்டிக் கிட்டாருக்கு மெல்லிய தந்தியில் 2 மில்லிமீற்றரும் தடித்த தந்தியில் 2.5 மில்லிமீற்றரும், மின் கிட்டாருக்கு 1.5 முதல் 2 மில்லிமீற்றர் வரையும் இருந்தால் பெரும்பாலானோருக்கு இதமாக இருக்கும். நெக்கின் வளைவை அளக்க, 1ஆம் ஃபிரெட்டில் கேப்போவை (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, உடல் தொடங்கும் 14ஆம் ஃபிரெட்டில் தந்தியை அழுத்தி, 7ஆம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையிலான வெளியில் ஃபீலர் கேஜின் இதழைச் செருகிப் பார்க்க வேண்டும், 0.10 முதல் 0.25 மில்லிமீற்றர் வரை இருந்தால் நல்லது. கேப்போ பெட்டியில் இல்லை. ஃபீலர் கேஜோ, மோட்டார் சைக்கிளின் டெப்பட் வெளியைப் பார்க்கக் கராஜ்களில் பயன்படுத்துவதே. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தனியாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

இந்தக் கருவிகளின் பெறுமதி எனக்குத் தெரிந்தது ஒரு பாடகர் குழுக் கிட்டாரில். முதல் மூன்று ஃபிரெட்களில் எல்லாத் தந்திகளும் இரைந்தன. அதை வாசிக்கும் பையன், பெட்டியைக் கண்டவுடன் அரத்தைத்தான் எடுத்தான்.

“அண்ணே, மூணாவது ஃபிரெட்டு ரொம்ப இரையுது. லேசா ராவிவிட்டா சரியாயிரும்ல?”

“ராவுறது கடைசி வேல தம்பி. மொதல்ல அந்தப் பட்டையக் குடு, நெக்கு எப்படி நிக்குதுன்னு பாப்பம்.”

பட்டை நடுவில் மரத்தைத் தொட்டுக்கொண்டு இரு முனையிலும் ஆடியது. நெக் பின்பக்கமாக வளைந்திருந்தது. தந்தி உயர்ந்ததாக நினைத்து யாரோ டிரஸ் ரொட்டை, அதாவது நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைத் திருத்தும் உலோகக் கம்பியை, அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். இடப்பக்கமாகக் கால் சுற்றுத் தளர்த்தி, தந்திகளைச் சுருதி கூட்டி, ஒரு இரவு விட்டோம். 12 இலக்க (மெல்லிய தந்தி 0.012 அங்குலத் தடிப்புள்ள) உருக்குத் தந்தித் தொகுதி முழுச் சுருதியில் ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமாக நெக்கை இழுக்கிறது. ரொட் விட்டுக்கொடுத்தால் மீதி வேலையை அந்த இழுவையே செய்யும். மறுநாள் 7ஆம் ஃபிரெட்டில் 0.15 இதழ் உரசிக்கொண்டு நுழைந்தது, இரைச்சல் நின்றது. அந்த மூன்றாம் ஃபிரெட்டில் குறை எதுவும் இருக்கவில்லை. அன்று அதை அராவியிருந்தால், நெக் சரியானபின் நான்காவது ஃபிரெட் உயர்ந்து நின்றிருக்கும். பிறகு அதையும் அராவ வேண்டும், அதற்கடுத்ததையும் அராவ வேண்டும்.

டிரஸ் ரொட்டைத் திருப்பும் அறுகோணச் சாவிகளான அலன் கீகளைப் பற்றி எச்சரிக்கை சொல்லாமல் இருக்க முடியாது. பெட்டியில் வருபவை மில்லிமீற்றர் அளவுகள் மட்டும். மார்ட்டின் கிட்டார்களுக்கு 5 மில்லிமீற்றர் சாவி பொருந்தும்; கிப்சனுக்கு 5/16 அங்குல நட் திருப்பி வேண்டும்; அமெரிக்காவில் செய்யப்பட்ட இக்கால ஃபெண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு 1/8 அங்குலச் சாவி. 1/8 அங்குலம் 3.2 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு என்பதால் 3 மில்லிமீற்றர் சாவி உள்ளே போகத்தான் செய்யும், திருப்பும்போது வழுக்கி அறுகோணத்தின் மூலைகளைத் தின்றுவிடும். மூலை தேய்ந்த ரொட்டைத் திருத்துவது, இந்தப் பெட்டியின் விலையைப் போலப் பலமடங்கு செலவு வைக்கும் வேலை. இன்னொன்று: எல்லாக் கிட்டார்களிலும் ரொட் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ இதற்குக் காப்புரிமை பெற்றது 1923இல்; மார்ட்டின் நிறுவனமே திருப்பக்கூடிய ரொட்டை 1985இல்தான் தன் கிட்டார்களுக்குக் கொண்டுவந்தது. நைலோன் தந்திக் கிட்டார்கள் பெரும்பாலும் இன்றும் அது இல்லாமலே வருகின்றன. வீட்டில் தாத்தா காலத்துக் கிட்டார் ஒன்று இருந்து, அதன் தலையிலும் ஒலித்துளைக்குள்ளும் துவாரம் காணவில்லையென்றால், திருப்பக்கூடிய ரொட் பெரும்பாலும் அதில் இல்லை. கத்தியால் தோண்டித் தேட வேண்டாம்.

பார்க்க வேண்டிய இன்னொரு விடயத்தைப் பெட்டியோடு வரும் குறிப்புத் தாள் சொல்லவில்லை. வெட்டில்லாத சாதாரண நீண்ட அளவுகோலொன்றை ஃபிரெட்களின் மேல் கிடத்தி பிரிட்ஜை நோக்கி நீட்டினால், அதன் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். அது பிரிட்ஜின் பக்கவாட்டில் போய் முட்டினால் நெக் உடலோடு சேரும் கோணமே சாய்ந்துவிட்டது என்று பொருள். பல ஆண்டு மழைக்காலங்களைத் தேவாலய அலமாரிக்குள், ஈரச் சுவரோடு சாய்ந்தபடி கழித்த கிட்டார்களில் இதை அடிக்கடி காணலாம். இதற்கு இந்தப் பெட்டியில் மருந்து கிடையாது. இணைப்பை நீராவியால் இளக்கிக் கழற்றி மீண்டும் பொருத்துவது கைதேர்ந்தவரின் வேலை. விலை குறைந்த கிட்டாருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

இனி அரங்களுக்கு வருவோம். உயர்ந்திருக்கும் ஒரு ஃபிரெட்டை அராவும் முன் அது தளர்ந்து எழும்பியதா என்று பார்க்க வேண்டும். ஒரு மரக்குச்சியின் முனையால் அதன் அருகே அழுத்திப் பிடித்துத் தந்தியை மீட்டுங்கள்; இரைச்சல் மறைந்தால் ஃபிரெட் தன் வெட்டிலிருந்து எழும்பியிருக்கிறது. நனைந்து காய்ந்து நனைந்து காயும் நமது மரங்களில் இதுவே சாதாரணம். பக்கங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நீர்போல் ஓடும் சுப்பர் குளூவில் ஒரு துளியை விளிம்பில் விட்டு, மரக்கட்டை வைத்து இறுக்கிப் பிடித்தால் போதும். பெட்டியில் இருக்கும் உருக்குக் காப்புத் தகடுகளைவிட அந்த டேப்பே நம்பகமானது. தகட்டின் ஓட்டை அகலமாக இருப்பதால் அரம் வழுக்கும்போது தகடும் சேர்ந்து நகர்ந்து, அதன் கூரிய விளிம்பே மரத்தில் கோடு போடுகிறது.

உண்மையிலேயே சமன்படுத்த வேண்டிய கிட்டாரில் முறை இதுதான்: முதலில் நெக்கை ரொட்டால் நேராக்க வேண்டும், ஃபிரெட் முடிகளில் மை தீட்ட வேண்டும், சேண்ட் பேப்பர் ஒட்டிய நேரான சட்டத்தால், எல்லா முடிகளிலும் மை தொடப்படும் வரை தேய்க்க வேண்டும். இதற்குப் பெட்டியில் உள்ள சட்டம் பரவாயில்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. தேய்த்த முடி தட்டையாகிவிடும். தட்டையான முடியில் தந்தி நடுவில் நில்லாமல் விளிம்பில் தங்கும், சுருதி விலகும், தம்பூராவில் கேட்பது போல ஒரு இரைச்சலும் சேரும். அதை மறுபடி வளைவாக்குவதற்கென்று தரப்பட்டிருக்கும் அரம், வைரத்தூள் பூசியது என்று விளம்பரத்தில் சொல்லப்படுகிறது. எனக்கு வந்ததில் தூள் சீராக இல்லை. ஒரு பழைய கழித்த நெக்கில் ஓட்டிப் பார்த்தபோது ஃபிரெட்டின் குறுக்கே ஆழமான கீறல்களை விட்டது, அவற்றை மறைப்பதற்காக மேலும் உலோகத்தை இழக்க வேண்டியிருந்தது. புதிய ஃபிரெட்டின் உயரம் வகைக்கேற்ப 1.1 முதல் 1.4 மில்லிமீற்றர் வரைதான். அந்த உயரத்தில் ஒரு பத்திலொரு மில்லிமீற்றர் என்பது பெரிய செலவு. துருவேறாத உருக்கு ஃபிரெட்கள் உள்ள கிட்டாரில் இந்த அரத்தை வைக்கவே வேண்டாம். தேய்வது அரமாகத்தான் இருக்கும்.

முனை அரம் மட்டும் இந்தக் குவியலில் விதிவிலக்கு. ஓரங்கள் மழுக்கப்பட்டிருப்பதால் மரத்தைக் கீறுவதில்லை. வரண்ட மாதங்களில் வெளியே நீட்டும் முனைகளை, மெல்ல, ஒரே திசையில், இரண்டு மூன்று இழுப்பில் மழுக்கிவிடலாம். நுவரெலியாவில் உறைபனி விழும் ஜனவரி, பெப்ரவரி நாட்களில் ஒருமுறை இதைச் செய்துவிட்டால் அதன்பின் பெரும்பாலும் தேவைப்படாது.

மெருகேற்றும் பொருட்களில் ரப்பர் கட்டிகள் நன்று. கூடவே ஒரு சிறு உருண்டை உருக்குக் கம்பளி வருகிறது. அக்குஸ்டிக் கிட்டாரில் அது பச்சை பிடித்த ஃபிரெட்களை நன்றாகத் துலக்கும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த அந்த உலோகம் நமது ஈரத்தில் விரைவாக மங்குகிறது. மின் கிட்டாரில் பயன்படுத்துவதென்றால் பிக்கப்களை (தந்திகளின் கீழே ஒலியைப் பிடிக்கும் காந்தப் பாகங்களை) முதலில் டேப்பால் மூடிவிடுங்கள். இல்லையேல் உதிரும் உருக்குத் துகள்கள் காந்தத்தின் மேல் நுண்ணிய மயிராகப் படிந்து, எளிதில் போகாமல் நிற்கும்.

எலுமிச்சை எண்ணெய் என்ற பெயரில் ஒரு சிறு குப்பியும் இருக்கிறது. ரோஸ்வுட், கருங்காலி ஃபிரெட்போர்ட்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, துணியில் சில துளி போதும். வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகைக்கு வேண்டவே வேண்டாம். (உலகம் முழுதும் ஃபிரெட்போர்ட்டுக்குப் பெயர்பெற்ற கருங்காலியின் ஒரு வகை நமது நாட்டின் வரண்ட வலயக் காடுகளிலேயே வளர்வது. நம் கைகளுக்கு வரும் கிட்டார்களில் அதைக் காண்பது அரிது.) மலையகத்தில் மரம் வாடுவதைவிட ஊறுவதே பெரிய கவலை என்பதால், இந்தக் குப்பிக்குப் பதிலாக ஒரு சின்ன ஈரப்பதமானியும் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வைத்திருந்தால் பெட்டி இருமடங்கு பயனுள்ளதாக இருந்திருக்கும்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை, முழுப் பெட்டியை விட்டுவிட்டு நேர்ப்பட்டை, ராக்கர், அளவு அட்டை, முனை அரம் ஆகிய நான்கையும் தனித்தனியாக வாங்குவதே. அதே விற்பனையாளர்கள் அவற்றைத் தனியாகவும் விற்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டாது. மிச்சப்படும் காசுக்கு உங்கள் கிட்டாருக்குச் சரியாகப் பொருந்தும் தரமான சாவி ஒன்றை வாங்குங்கள். சில விற்பனையாளர்கள் அன்பளிப்பாகச் சேர்த்து அனுப்பும் ஃபிரெட் கம்பித் துண்டுகளைப் பொறுத்தவரை, அவற்றின் அடிநாக்கின் தடிப்பு எங்கும் குறிப்பிடப்படவில்லை. வெட்டைவிடத் தடித்த நாக்கை அடித்து இறக்கினால் ஒவ்வொரு ஃபிரெட்டும் ஓர் ஆப்பாக வேலை செய்து நெக்கையே பின்னால் வளைத்துவிடும். ஃபிரெட்களைப் புதிதாக மாற்ற வேண்டிய அளவுக்குத் தேய்ந்த கிட்டார் என்றால், தடிப்பை அளந்து கம்பியைத் தெரிவுசெய்யும் ஒருவரைக் கண்டியிலோ கொழும்பிலோ விசாரித்து, தந்திகளைத் தளர்த்தி, கடினமான உறையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.